கடைசிக் கம்பம்

ஆற்றுக்கும் நாங்கள் கடைசி,
கரண்டுக்கும்.
டிரான்ஸ்பார்மரிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால்
இடும்பாவனத்தில் என் வீட்டுக் கம்பம் பத்தொன்பது.
அதற்கப்புறம் கம்பம் இல்லை.
அலையாத்தி, சேறு,
பிறகு உப்பு.

பழைய பெட்டி போன பங்குனியில் செத்தது.
கருகிய வாடை வந்தபோது
அடுப்பில் எதுவும் இல்லை என்பது
நினைவுக்கு வர ஒரு நிமிடம் ஆனது.
தனியாகப் போகவில்லை அது,
ஹார்ட் டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போனது.
உள்ளே வாய்மேடு நிச்சயதார்த்தம்,
மாப்பிள்ளையின் சித்தப்பா ஆடிய ஆட்டம் உட்பட.
முன்பணம் எட்டாயிரத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.
பெண்ணின் தாய் பேசாமல் எண்ணி வாங்கிக்கொண்டார்.
திட்டியிருக்கலாம் அவர்.

இந்த முறை நானே பூட்டுகிறேன்.
புராசஸர் வந்துவிட்டது, போர்டு வந்துவிட்டது,
கிராபிக்ஸ் கார்டைப் பார்க்கத்
தெருப் பையன்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்கள்.
பவர் சப்ளையைப் பார்க்க யாரும் வருவதில்லை.

திருத்துறைப்பூண்டி கடையில் நிஜாமுதீன்
ஒரு பெட்டியை ஒற்றை விரலில் தூக்கிக் காட்டினான்.
"அறுநூறு வாட்ஸ் அக்கா. எண்ணூத்தம்பது ரூபாதான்."
வாங்கிப் பார்த்தேன்.
ஒரு தேங்காய்க் கனம்கூட இல்லை.
அறுநூறு வாட் தாங்குகிற உடம்பா இது?
அந்த அறுநூறு
ஸ்டிக்கர் அச்சடித்தவன் வாயில் இருக்கிறது.

கணக்குப் போட்டுத்தான் போயிருந்தேன்,
கேஸ் பில்லின் பின்பக்கம்:
கார்டுக்கு நூற்று எழுபது,
முறுக்கிப் பிடித்தால் புராசஸருக்கு நூறு,
டிஸ்க், விசிறி, சில்லறை ஐம்பது.
ஐந்நூற்றைம்பது வாட் போதும், தாராளம்.
"எண்ணூத்தம்பது வாட்ஸ் போட்டுக்குங்க, பயமே இல்ல."
எனக்குப் பயம் அந்தப் பக்கத்தில் இல்லை, தம்பி.

ஒரு வாரம் விழித்திருந்து
பிளக்கில் மல்டிமீட்டரைச் செருகிப் பார்த்தவள் நான்.
சாயங்காலம் ஆறு: இருநூற்றுப் பத்து.
பத்து மணி: நூற்றுத் தொண்ணூறு.
இரண்டரை மணிக்கு நூற்று அறுபத்தெட்டு.
அந்நேரம் பதினோராவது கம்பத்துக்காரர்
பக்கிரிசாமியின் இறால் குட்டைகளில்
துடுப்புச் சக்கரங்கள் எல்லாம் சேர்ந்து சுழலும்.
ராத்திரியில் தண்ணீருக்குள் காற்று வற்றிவிடுமாம்.
சக்கரம் நின்றால் விடியும்போது
மூன்று லட்சம் இறால் மல்லாந்து மிதக்கும்.
என்ன சொல்லிச் சண்டை போட?
மேல்மடையில் நனைத்து மிச்சம் விட்டதைப்
பாய்ச்சிக்கொள்கிற ஊர்தானே.

அதனால் பெட்டிகளைக் கவிழ்த்தேன்.
பெரிய எண்ணுக்குக் கீழே எறும்பு எழுத்தில்
உள்ளே வரும் வோல்ட்டுக்கென்று ஒரு வரி.
லேசானதில், இருநூறு முதல் இருநூற்று நாற்பது.
அலமாரியின் அடித்தட்டில் தூசியோடு இருந்த ஒன்றில்,
நூறு முதல் இருநூற்று நாற்பது.
எவ்வளவு கொடுப்பாய் என்று கேட்டு வாங்குகிறார்கள் எல்லோரும்.
எவ்வளவு குறைந்தால் பொறுப்பாய் என்று
கடைசிக் கம்பத்துக்காரி கேட்டாள்.

நாலாயிரத்துத் தொள்ளாயிரம்.
ஐந்து வருட வாரண்டி.
ஐம்பது ரூபாய் குறைத்தான், பெருமூச்சோடு.
யுபிஎஸ் பிறகு,
கார்த்திகை முகூர்த்தங்கள் முடிந்து பணம் வரட்டும்.
பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
தொடை மரத்துப்போனது.
திருப்தியாக இருந்தது.

நேற்று ராத்திரி
தோப்புத்துறை வலிமா ஓடிக்கொண்டிருந்தது,
அறுபத்திரண்டு சதவீதம்.
இரண்டரை.
டியூப்லைட் கண்ணைச் சிமிட்டி, பழுத்து, அணைந்தது.
விசிறியின் இறக்கைகளை எண்ணிவிடலாம்.
ஜன்னலுக்கு வெளியே, தூரத்தில்,
தண்ணீரை அறைகிற சத்தம் விடாமல்.
அறுபத்து மூன்று.
நான் நாற்காலி விளிம்பில்.
அறுபத்து நான்கு.
பெட்டியின் பின்னால் இருட்டில் கை வைத்தேன்,
வெதுவெதுவென்று காற்று வந்தது.

வாரண்டி அட்டையில் முத்திரை வாங்க மறந்துவிட்டேன்.
வியாழக்கிழமை மறுபடி போக வேண்டும்.