நூற்றுப் பதினேழாம் நம்பர்

குடிமங்கலத்துக்குத் தெற்கே
நூற்றுப் பதினேழாம் நம்பர் காற்றாடி
மூன்று நாளாய் முகம் திருப்பமாட்டேன் என்கிறது.
மாசி மாதம்.
காற்று பாலக்காட்டுக் கணவாயிலேயே படுத்துக் கிடக்கிறது.
ஏணியில் இருநூற்று எண்பது படி.
பாதியில் இடுப்புப் பட்டியை மாட்டி மூச்சு வாங்கும்போது
ராத்திரி போனில் பார்த்த படம் ஞாபகம் வந்தது.

எழுபத்து மூன்றில்
ஆட்கள் குடியிருந்த விண்வெளி நிலையம்.
தலையில் சூரியனைப் பார்க்கும் தொலைநோக்கிகள்,
அவற்றைச் சுற்றி நான்கு இறக்கை.
அப்படியே நம்ம காற்றாடி,
காற்றே இல்லாத ஊரில்.

சூரியனைப் பார்க்கப் போனவர்கள்
முதலில் குடை விரித்தார்களாம்.
ஏவும்போதே மேல்தகடு பிய்ந்துபோய்
உள்ளே சித்திரை மாத ஈரோடு.
சிரித்துவிட்டேன்.
"என்னாச்சுங்க்கா?" என்றான் கீழிருந்து தங்கமுத்து.
ஒண்ணுமில்லடா.

அப்போதெல்லாம் சூரியன்
பிலிம் சுருளில்தான் வீடு வரும்.
ஒருத்தர் கயிறு கட்டி வெளியே போய்
பெட்டியைக் கழற்றி எடுத்து வரவேண்டும்.
அப்படிப் போன ஒருத்தர்
சார்ஜ் ஏற்றாமல் முரண்டு பிடித்த பெட்டியைச்
சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார்.
ஏற்றியது.

மேலே வந்து மூடியைத் திறந்தேன்.
ரிலே ஒட்டிக்கொண்டிருந்தது.
பையில் சுத்தியல் இல்லை, ஸ்பேனர் இருந்தது.
"என்ன பண்ணுனீங்?" என்றது கண்ட்ரோல் ரூம்.
"தட்டுனனுங்."
ரிப்போர்ட்டில் அப்படி எழுதக்கூடாதாம்.

கூரைமேல் உட்கார்ந்தேன், தென்னந்தோப்புகளுக்கு மேலே.
அந்தத் தொலைநோக்கிகளில் ஒன்று
வட்டத் தகட்டால் சூரியனை மறைத்துக்கொள்ளும்.
மறைத்தால்தான்
ஓரத்தில் நரைமயிர்போல் பறக்கும் ஒளி தெரியும்.
நானும் கட்டைவிரலைத் தூக்கிப் பிடித்தேன்.
நகத்தைச் சுற்றி வெறும் வெள்ளை.
கண்ணில் தண்ணீர்.

குறுக்கே நிற்பது காற்று.
வெளிச்சத்தை வாரி வாரி இறைத்து
அந்த மயிரை மூடிவிடுகிறது.
காற்று போனால் இங்கிருந்தே தெரியும்.
காற்று போனால்
எனக்கு வேலை இல்லை,
தங்கமுத்துவின் டியூ வண்டி இல்லை,
மூச்சும் இல்லை, அது தனிக்கணக்கு.

எழுபத்தொன்பதில் நிலையம்
காற்றுக்குள் விழுந்து எரிந்தது,
தொலைநோக்கிகளோடு.
பிலிம் மட்டும் முன்பே வீடு சேர்ந்திருந்தது.

அடியில் ஏதோ உறுமியது.
நூற்றுப் பதினேழு
என்னையும் சுமந்துகொண்டு
மெல்ல மேற்கே திரும்புகிறது,
இன்னும் புறப்படாத காற்றின் பக்கம்.