தாண்டது

எமில்டாவின் விண்ணப்பம் திரும்பி வந்திருந்தது.
"வள்ளம் தாண்டு போச்சு" என்று
தன் கைப்படத் தமிழில் எழுதியிருந்தாள்.
கொழும்பில் யாரோ அதை இங்கிலீசில்
"கடந்து போனது" என்று ஆக்கியிருந்தார்.
ஓரத்தில் ஒரு சிவப்புப் பேனை கேட்டது:
எந்த நாட்டுக்கு?

முல்லைத்தீவுக் கச்சேரிக்கு முன்னால்
போட்டோக்கொப்பிக் கடையில் பாதி மேசை என்னுடையது.
சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பு. முத்திரைக்குத் தனிக்காசு.

படிவத்தில் மூன்று பெட்டிகள்.
தொலைந்தது. அழிந்தது. மூன்றாவது, சங்கன்.
"முதலாவதுக்குச் சரி போடட்டோ?"
"ஏன் தம்பி? தொலையேல்லையே.
கோயில் சிலுவையும் ரெலிகொம் ரவரும்
ஒரு கோட்டில வந்தா நேர கீழ. ஏழு பாகம்.
எங்க கிடக்கெண்டு தெரிஞ்சது எப்பிடித் தொலையும்?"

அகராதியை எடுத்தேன்.
சிங்க், சாங்க், சங்க்:
எட்டாம் வகுப்பில் பாட்டுப்போல் பாடமாக்கியது.
மூழ்கும் செயல் தன் பழைய வாலை
எப்போதோ கழற்றிப் போட்டுவிட்டது.
மூழ்கிக் கிடக்கும் பொருள்தான்
இன்னும் அந்த வாலோடு கிடக்கிறது.
வெறிகாரனைச் சொல்லும் சொல்லுக்கும்
அதே வால்தான்.
குசினியில் கோப்பை கழுவும் தொட்டிக்கும் இதே வேர்.
வேருக்குக் கீழே என்ன என்று
அகராதியும் அடித்துச் சொல்லவில்லை.

இரண்டாம் பொருள்: உட்குழிந்தது. கண், கன்னம்.
நிமிர்ந்து எமில்டாவைப் பார்க்காமல்
மூன்றாவதுக்குப் போனேன்.
நிலமட்டத்துக்குக் கீழே அமைக்கப்பட்டது.
எடுத்துக்காட்டு: பூந்தோட்டம், குளியல் தொட்டி.
"கீழ இறக்கிக் கட்டினதோ?" என்றாள். "எங்களிட்டயும் இருந்தது.
நாலு பேர் குந்தலாம். மேல தென்னங்குத்தி, மண்மூட்டை."
பூந்தோட்டம் என்று வாசித்ததை
நான் திருப்பி வாசிக்கவில்லை.

"எப்ப தாண்டது?"
திகதிக்கும் ஒரு பெட்டி இருந்தது.
திகதியைச் சொன்னாள். பிறகும் சொன்னாள்:
"ஒவ்வொரு சோளகத்துக்கும் மணலுக்குள்ள
இன்னும் கொஞ்சம் இறங்குது.
மகன் போன கிழமையும் அதில வலை கொளுவி அறுத்தவன்.
அதிலதான் கலவாயும் பிடிக்கிறவன்."

இங்கிலீசுக்குப் பெட்டி கிடைத்துவிட்டது.
தமிழ்ப் பிரதியில் என்ன எழுத?
தாண்ட என்றால் முடிந்த கதை,
சிவப்புப் பேனை மறுபடி கடல் கடக்கும்.
மூழ்கிய என்றால் செய்தி வாசிக்கிற குரல்.
அப்போதுதான் இலக்கணப் பாடத்து ஊறுகாய் நினைவு வந்தது:
ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய்.
காலத்தை உள்ளே விழுங்கிக்கொண்டு
வெளியே ஒன்றும் காட்டாத சொல்.

தாழ்வள்ளம், என்று எழுதினேன்.
அவள் எழுத்துக் கூட்டி வாசித்தாள்.
"இப்பிடி ஒரு சொல் இருக்கோ?"
"இனி இருக்கு."

காசை எண்ணி மேசையில் வைத்தாள்.
நான் முத்திரையை மையில் ஒற்றித் தூக்கியபோது
கையை நீட்டித் தாளை மெல்ல இழுத்தாள்.
"அந்தச் சொல்லுக்கு மேல குத்திப்போடாதேங்கோ.
ஒருக்காத் தாண்டது காணும்."