வாளிக் கணக்கு

பெயர் கொடுத்தவர்கள் நாற்பது பேர்.
மழையில் வந்தது மூவர்:
டவ்ரி, லீலோ,
சான்றிதழுக்காக நான்.

தார்த்து நகருக்கு வெளியே ஏப்ரல் இரவு.
காட்டுக்கும் குளத்துக்கும் நடுவே
குறுக்கே படுத்திருக்கிறது நெடுஞ்சாலை.
தேரைகளுக்கு அது தெரியாது.
பனி உருகியதும் கிளம்பிவிடுகின்றன
பிறந்த தண்ணீருக்கு.

படிவத்தில் இரண்டே கட்டங்கள்:
உயிருடன். நசுங்கியது.

"இதை எப்படி எழுதறது?"
லீலோ விளக்கைத் தாழ்த்தினாள்.
பெண்ணின் முதுகில் ஆண்,
விடாப்பிடி.
ஒன்றா, இரண்டா?

மரம் ஏற்றிய லாரி வந்தது.
வாளியை நெஞ்சோடு அணைத்து
ஓரத்தில் ஒடுங்கினோம்.
முகமெல்லாம் சேறு.

"இரண்டு" என்றான் டவ்ரி,
இருட்டுக்குள்ளிருந்து.
"முட்டைகளைக் குளம் எண்ணிக்கொள்ளும்."

விடிந்ததும் வருகைத் தாளைத் தேடினேன்.
வாளியடியில்
கூழாகிக் கிடந்தது,
என் கையெழுத்தின் மேல்
ஒரு தேரை.