கடலைக்காட்டு வளைவு

அரை நைட்டு முடிந்து
ஒன்றேகாலுக்கு மில் கேட்டைத் தாண்டினால்
புளியம்பட்டிச் சந்தை வரைக்கும் பேச்சு இருக்கும்.
போனஸ் எத்தனை சதம், எவளுக்கு என்ன கலர் சுடிதார்.
அப்புறம் வேன் முழுக்க
பஞ்சு ஒட்டிய தலைகள்
ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தூங்கும்.

ஐப்பசி.
புரட்டாசி விரதம் விட்ட நாக்குகள்
ஊரெல்லாம் கறி கேட்கும்.
பிடுங்கிப் போட்ட கடலைச்செடி வாசத்துக்குக்
காட்டைவிட்டு மான்கள் இறங்கும்.
தீபாவளி நெருங்க நெருங்க
எந்தச் சத்தம் அணுகுண்டு, எது நாட்டுத் துப்பாக்கி என்று
யாரும் எழுந்து வந்து பார்ப்பதில்லை.

விளாமுண்டிக் காட்டோரம், வளைவில்,
பிரேக் போட்டேன்.
ரோட்டின் நடுவே ஒரு பிணை.
அதன் ஓரமாய்
நிற்பதற்கே இன்னும் பழகாத கால்களோடு
இரண்டு.

மாசியில் விழுந்ததெல்லாம் இந்நேரம்
தாயின் தோளுக்கு வந்திருக்கும்.
இவை என் நாலடுக்கு டிபன் கேரியரைவிட
ஒரு சாண் கூடுதல், அவ்வளவுதான்.
மழை பிந்தியதால் பிந்தினவோ,
கலை வந்து சேர்ந்ததே பிந்தித்தானோ.
இரண்டும் அவளுடையவைதாமா,
போன ஞாயிறு எவளோ திரும்பி வராமல் போனதில்
ஒன்று இவளோடு ஒட்டிக்கொண்டதா,
அதுவும் தெரியாது.

வெளிச்சம் அடித்தால் மான் ஓடாது. நிற்கும்.
இதை நான் கற்ற இடம் நல்ல இடமில்லை.
பத்து வருஷத்துக்கு முந்தி
ராக்கியண்ணன் ஜீப்பில்
பேட்டரி லைட் பிடித்து உட்கார்ந்திருந்தவன்.
சுடுகிறவனுக்குக் கை நடுங்கினால் குண்டுதான் வீண்.
லைட் பிடிக்கிறவனுக்கு நடுங்கவே கூடாது.
எனக்கு நடுங்கியதில்லை.
கூலி ஐந்நூறும் ஒரு கூறும்.
மிளகு தூக்கலாய் வறுத்துத் தின்றிருக்கிறேன்,
ருசியைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன்.

இப்போது வேனுடைய வெளிச்சம்.
மேலே இரண்டு பச்சைக் கண்,
கீழே நாலு.
அணைத்தேன்.

இருட்டில் எஞ்சின் மட்டும் மூச்சு விட்டது.
"ஏனுங்ணா, பஞ்சருங்ளா?"
பின் சீட்டிலிருந்து மாதேவி.
"இல்ல கண்ணு, நீ தூங்கு."
அவள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டாள்.
தாரில் சில்லறை கொட்டினாற்போல் குளம்புகள்,
அப்புறம் மண்ணில் மெத்தென்று,
அப்புறம் இல்லை.

கால் கிலோமீட்டர் போயிருக்காது.
வேலமரத்தடியில் ரெண்டு பைக்,
நெற்றியில் லைட் கட்டிய மூன்று பேர்.
கை காட்டினவன் ராக்கியண்ணன் மகன் நவநீதன்.
அந்த லைட் என் முகத்தில் நின்றது.
நானும் அசையாமல் நின்றேன்.
"வழியில ஏதாச்சும் பாத்தீங்ளா மாமா?"

"பார்த்தேன்" என்று வாயில் வந்துவிட்டது.
வந்ததை எங்கே கொண்டுபோய் வைக்க?
"ஆனை. ஒத்தைக் கொம்பன். வளைவுலயே நிக்குது."

பைக்குகள் திரும்பின.
வேனுக்குள் யாரோ
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் வளைவு வரும் முன்பே
மாதேவி விழித்திருந்தாள்.
அதற்கடுத்த நாள் ஐந்து பேர்.
சின்ன லைட்டில், ரெண்டாம் கியரில் போனோம்.
போனஸ் பேச்சு நின்றுபோயிருந்தது.

சனிக்கிழமை
பிணை நின்றது. பக்கத்தில் ஒன்று.
கொஞ்ச நேரம் பார்த்தோம்.
"இன்னொண்ணு புல்லுக்குள்ள படுத்திருக்குங்ணா"
என்றாள் மாதேவி.
"இருக்கும்" என்றேன்.
அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில்
நவநீதன் டம்ளரை ஆற்றிக்கொண்டிருந்தான்.
கை கழுவியிருந்தான், சோப்பு மணத்தது.
"அந்த ஆனை போயிருச்சுங்ளா மாமா?"
கேட்டுவிட்டுச் சிரித்தான்,
அப்பனுக்கு இருந்த அதே தெற்றுப்பல்.

"போகலை" என்றேன்.
"அங்கயேதான் நிக்குது."