பதினோரு புள்ளிகள்

நகராட்சி வரைபடத்தில் அந்த இடம் பச்சை.
நான்தான் தீட்டினேன்.
'வெள்ளநீர்ப் பூங்கா' என்று ஓரத்தில் எழுதியதும்
என் கைதான்.

நேரில் போனால்
ஒரு பப்பாளி மரத்தைத் தவிர பச்சை இல்லை.
பெய்ரா துறைமுகத்தின் முதுகுப்புறம்.
தகரக் கூரைகள்,
புயல் பிய்த்துக்கொண்டு போகாதிருக்க
ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு லாரி டயர்.
வழி நெடுகக் கருவாடு காய்கிறது.

ஃபெலிசார்தா என்னை உட்காரச் சொல்லவில்லை.
கதவு நிலையைக் காட்டினாள்.
கரியால் இழுத்த கோடுகள்.
பிள்ளைகள் வளர்ந்த அளவு போல என்று நினைத்தேன்.
"தண்ணீர்" என்றாள்.
"இது முழங்கால். இது இடுப்பு.
இது, என் தம்பி கூரையில் கிடந்த இரவு."

இடுப்புக்கு மேலே உள்ளவை எல்லாம்
கிடங்குகளுக்காகச் சாலையை உயர்த்திய பிறகு வந்தவை.
நீர் பள்ளம் தேடும் என்று படித்தவன் நான்.
பள்ளத்தை யார் செய்தார்கள் என்பது
பாடத்தில் இல்லை.

மூன்று மாதம் அலைந்து
சாலைக்கு அடியில் ஆறு குழாய்களுக்குக் கையெழுத்து வாங்கினேன்.
பூங்கா போயிற்று. ஒரு கால்வாய் மட்டும்.
அதன் வளைவில் பதினோரு வீடுகள் போகும்
என்று சொல்லத் திரும்ப வந்தேன்.

"எந்தப் பதினொன்று?"

புள்ளிகளை எண்ணியிருந்தேன். அவ்வளவுதான்.

பென்சிலைக் கேட்டாள்.
அழிப்பாள் என்று ரப்பரையும் நீட்டினேன்,
தொடவில்லை.
புள்ளி புள்ளியாகப் பெயர் எழுதினாள்:
சைக்கிளுக்கு பஞ்சர் ஒட்டும் ஜெரெமியாஸ்,
கண் தெரியாத பெர்னார்தினோ,
இரட்டைப் பிள்ளைக்காரி சுலேமா...
ஏழாவதில் கை சற்று நின்றது.
பிறகு தன் பெயரை எழுதினாள்,
மற்ற பெயர்களைவிடச் சின்ன எழுத்தில்.

சந்தைக்குப் பின்னால் ஒரு மேட்டு நிலம்.
அங்கே பதினோரு கட்டம் போட்டாள்.
"மீன் கூடையோடு நடக்கிற தூரம் இதுதான்.
ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டினால்
நாங்கள் திரும்பி வந்து தண்ணீரிலேயே குடியிருப்போம்."

அது துறைமுகக் கம்பெனி நிலம் என்றேன்.

"தெரியும். வெள்ளத்தன்று
அவர்கள் லாரிகள் அங்கேதான் நனையாமல் நிற்கும்."

வெள்ளிக்கிழமை கூட்டம்.
பென்சில் எழுத்தின் மேல்
மையால் எழுதிக்கொண்டிருக்கிறேன்.
காகிதத்தில் கருவாட்டு நாற்றம் ஏறிவிட்டது.
மேலதிகாரி மூக்கைச் சுளிப்பார்.

சுளிக்கட்டும்.
இன்னும் நான்கு பெயர் பாக்கி.