காலண்டரைத் தூக்கிப் பாருங்க

வெயில்ல வீடு பார்க்க வராதீங்க.
வெயில் என்னோட ஆள்.
ஹப்புத்தளை ஸ்டேஷன்ல இறங்கி
நீங்க கண்ணைச் சுருக்குறதுக்குள்ள
பாதி விலையை அது பேசி முடிச்சிருக்கும்.

ஐப்பசியில வாங்க.
காலுக்குச் சவுக்காரம் தேச்சுக்கிட்டு வாங்க,
அட்டை ஏறும்.
கேட்டைத் திறந்ததும் வியூவைப் பார்க்காதீங்க.
அந்த மலையும் மூட்டமும்
எதிர்ல கோழி வளர்க்கிற மனுசனுக்கும்
சும்மாதான் தெரியுது.
உங்களுக்கு மட்டும் அதுக்குப் பத்து லட்சம் போட்டிருக்கேன்.

கானைப் பாருங்க.
மேல் வீட்டுத் தண்ணி
எந்த வழியா இறங்கி எங்கே போய்த் தொலையுதுன்னு
பின்னாலேயே நடந்து பாருங்க.
அடியில வளைஞ்சு நுனியில நிமிர்ந்த சவுக்கு
அழகுக்காக அப்படி நிக்கல.
கீழே மண்ணு நடக்குது.
விழாம இருக்க அது வருசாவருசம்
தன்னைத் திருத்திக்குது.
மண்சரிவு ரிப்போர்ட்டைக் கேளுங்க.
தந்தா, தேதியைப் பாருங்க.

எத்தனை பேர்ச்சஸ்னு என்கிட்ட கேட்காதீங்க.
சரிவோட அளந்தா பதினைந்து,
படுக்கையா அளந்தா பதின்மூணுகூடத் தேறாது.
நான் சொன்னது பொய் இல்ல,
சரிவு.

விற்க வர்றவங்ககிட்டயும் ஒளிக்கிறதில்ல.
போன மாசம் வெலிமடை ரோட்டு நளீம் ஹாஜியார்
ஆறு வாளி பெயிண்ட் வாங்கி வச்சிருந்தார்.
திருப்பிக் கொடுங்கன்னேன்.
புதுப் பெயிண்ட் வாசம் வந்தா
வாங்குறவன் சுவரைத் தட்டிப் பார்ப்பான்.
விரிசலைக் காட்டி விலையைக் குறைங்க.
வந்தவன் தண்ணி கேட்டா
பைப்பைத் திறந்து பிடிச்சுக் கொடுங்க,
போத்தலை நீட்டாதீங்க.

உறுதியைக் கேளுங்க.
போட்டோக் கொப்பி ஆகாது.
காணிக் கந்தோருக்குப் போய்
முப்பது வருசம் பின்னால புரட்டுங்க,
வெளிநாட்டுல ஒரு தங்கச்சி
கையெழுத்துப் போடாமலே இருப்பா.

காணிப் பத்திரத்துக்கு உறுதின்னு
யார் பேர் வச்சாங்களோ.
எழுபத்திரண்டு உறுதி முடிச்சுக் கொடுத்திருக்கேன்.
நான் படுக்கிறது தோட்டத்து லயத்துல,
மூணாம் காம்பிரா.
கூரைத் தகரம் மாத்தணும்னா
இன்னும் துரைக்கு மனு எழுதணும்.
பார்ட்டிகள்கிட்ட இதைச் சொல்றதில்ல.
கமிஷன் குறையும்.

இன்னொண்ணு.
எந்த வீட்டுக்குப் போனாலும்
காலண்டரைத் தூக்கிப் பாருங்க.

தியத்தலாவைப் பக்கம் ஒரு வீடு.
சாப்பாட்டு அறைச் சுவர்ல
கை நுழையிற விரிசல்.
ஆணி நான்தான் அடிச்சேன்.
ஹாட்வெயார் கடைக் காலண்டர்,
மே மாசத்துக்கு ஒரு நீர்வீழ்ச்சி.
வாங்க வந்தவங்க பிலோமினா மிஸ்,
பதுளை ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்து பென்ஷன் எடுத்தவங்க.
"படம் நல்லாருக்கே" ன்னாங்க.
"காலண்டர் வீட்டோட சேர்த்திதான் மிஸ்" ன்னு
சிரிச்சேன்.

அந்தக் கார்த்திகை மழையில சுவர் இறங்குச்சு.
மிஸ் ராத்திரிப் பூசைக்குப் போயிருந்தாங்க.
மேசை மட்டும் போச்சு.

திட்டல.
பொலிசுக்குப் போகல.
வருசம் பிறக்கிறதுக்கு முந்தின வாரம்
தபால்ல ஒரு காலண்டர் வந்துச்சு,
உருட்டி, ரப்பர் பட்டி போட்டு.
உள்ளே ஒரு துண்டுக் கடிதம்கூட இல்ல.
அடுத்த வருசமும் வந்துச்சு.
இப்ப ஏழு.

வீசவும் மனசில்ல.
எங்க காம்பிராவுல
ஒரே ஆணியில, ஒண்ணு மேல ஒண்ணா
மாட்டி வச்சிருக்கேன்.
பின்னால சுவர் எப்படி இருக்குன்னு
இதுவரைக்கும் பார்க்கல.

சரி, கமிஷன் மூணு வீதம்.
அட்வான்ஸை என் கையில தராதீங்க,
நொத்தாரிஸ் கையில தாங்க.
ஞாயிறு பத்து மணிக்குச் சந்தியில நிப்பேன்,
நீலக் குடை.
மழைன்னா போன் பண்ணித் தள்ளிப் போடுவாங்க எல்லாரும்.
நீங்க மழைன்னா
கட்டாயம் வாங்க.