அறிவித்தவரின் உறவுமுறை

முப்பத்தாறு வருடம்
தோருன் நகராட்சியில் இறப்புப் பதிவேடு எழுதினேன்.
கையெழுத்து நன்றாக இருக்கும் என்பார்கள்.
அழுதுகொண்டு வருகிறவர்கள்கூட
என் பெரிய எழுத்துகளின் சுழிப்பை
ஒரு கணம் நின்று பார்ப்பார்கள்.

என் கணவர் ஜெனோனுடையதையும் நான்தான் எழுதினேன்.
விதிப்படி கூடாது.
வான்டா தேநீர் போடப் போன ஐந்து நிமிடத்தில்
எழுதி, முத்திரை குத்தி,
மை உலர ஊதியும் விட்டேன்.
கை நடுங்கவில்லை.
நடுங்கவில்லையே என்றுதான்
பிறகு நடுங்கியது.

கம்ப்யூட்டர் வந்த வருடம்
பழைய படிவங்களைக் கூழாக்க லாரி வந்தது.
ஒரே ஒரு கட்டை
கோட்டுக்குள் செருகிக்கொண்டு வீடு வந்தேன்.
எதற்கென்று கேட்டால் பதில் இல்லை.
என் ஆயுளில் நான் செய்த திருட்டு
அது ஒன்றுதான்.

ஓய்வு பெற்ற அன்று சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள்.
மகன் பர்தோஷ் பூனை வளர்க்கச் சொன்னான்.
நான் ஹெல்லுக்கு டிக்கெட் எடுத்தேன்.
வரைபடத்தில் தண்டவாளம் தீர்ந்துபோகும் ஊர்,
அதற்குமேல் கடல்தான்.
அரைநாள் பயணத்தில் இருந்த கடலை
அறுபத்தேழு வயதுக்குள் இரண்டே முறை பார்த்திருந்தேன்,
இரண்டு முறையும்
யாருடைய ஈரத் துணியையோ பிழிந்தபடி.

ரயிலில் கை சும்மா இருக்கவில்லை.
பையில் அந்தக் கட்டு.

பெயர்: விஸ்துலா ஆற்றின் மேல் மூடுபனி.
பிறந்த இடம்: தெரியவில்லை.
வயது: ஒரு பாலத்தின் நீளம்.
காரணம்: வெயில்.

நிமிர்ந்து பார்த்தால்
இரண்டு ஸ்டேஷன் போயிருந்தது.
எதிர் இருக்கைப் பையன்
ஆப்பிளைக் கடிப்பதை நிறுத்திவிட்டு
என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.
சிரித்துக்கொண்டிருந்தேனாம்.

ஹெல்லில் நான்கு நாள் என்று போனவள்
பதினோரு நாள் இருந்தேன்.
பிறகு க்தினியாவில்
கார்ல்ஸ்க்ரூனா போகும் இரவுக் கப்பல்.
ஸ்வீடனில் எனக்கு யாரையும் தெரியாது.
அது ஒரு காரணமாகவே போதுமாக இருந்தது.

கப்பல் உணவகத்தில் லாரி ஓட்டுநர் லெஷெக்,
கழுத்தில் மடிப்பு மடிப்பாகத் தூக்கம்.
"என்னம்மா, வருமான வரியா?" என்றார்.
படித்துக் காட்டினேன்.
கடற்கரையில் ஒற்றை ரப்பர் செருப்பு,
பிராய்லர் கோழியளவு கொழுத்த கடற்காகம்,
விடுதியின் மூன்றாம் படிக்கட்டில் இருந்த முனகல்,
எல்லாம் முறைப்படி, கட்டம் கட்டமாக.
அவர் நெடுநேரம் பேசவில்லை.
அப்புறம் கேட்டார்:
"போன ஜனவரியில் என் வண்டி ஹீட்டர் போய்விட்டது.
எட்டு வருடம் கூட இருந்தது.
அதற்கு ஒன்று எழுதுவீர்களா?"

எழுதினேன்.
மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
எனக்கு ஒரு கிண்ணம் பீட்ரூட் சூப் வாங்கித் தந்தார்.
உப்பு கொஞ்சம் தூக்கல்.
எழுத்துக்காக எனக்குக் கிடைத்த முதல் கூலி.

என் பெயருக்கும் ஒன்று எழுதுவேன் என்று நினைப்பீர்கள்,
பழைய வியெஸ்வாவா காலமானாள் என்று.
மாட்டேன்.
அதை எழுத ஒருத்தி
எங்கோ மேஜையில் உட்கார்ந்திருக்கிறாள்.
அவள் பிழைப்பில் மண் போடுவானேன்.

விடியற்காலை மேல்தளத்துக்கு வந்தேன்.
இரவு முழுக்கக் கூட வந்த இருட்டு
தீவுகளின் பின்னால் ஒவ்வொன்றாகக் கழன்றது.
முழங்காலில் படிவத்தை வைத்தேன்.
காற்று அதைப் பிடுங்கப் பார்த்தது.

பெயர், நேரம், காரணம் எல்லாம் எழுதியாகிவிட்டது.
கடைசிக் கட்டத்தில்தான்
எல்லோரும் எப்போதும் தயங்குவார்கள்:
அறிவித்தவரின் உறவுமுறை.
காலியாக விடக்கூடாது என்று
கவுண்டருக்கு இந்தப் பக்கமிருந்து
எத்தனை பேரை அதட்டியிருக்கிறேன்.

பேனா மூடியைப் பல்லால் கடித்தபடி
எழுதினேன்:
இப்போதுதான் அறிமுகம்.